கைப்பக்குவம்

“முழங்கைக்கு மேல, ரெண்டு விரல் அகலத்துக்கு வெளுத்துக் கெடக்கு. என் கண்ணால பாத்தேன்.”

ஹேமாவதி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனாலும் அசோசியேஷன் அறையின் மூலையில் காபிக்கு உதவ வந்த அமலராணியின் கையிலிருந்து டபரா நழுவி உருண்டது.

“யாருக்கு, தமிழினிக்கா? ஐயோ, போன மாசம் அவ செஞ்ச கோதுமை அல்வாவை ரெண்டு கிண்ணம் சாப்பிட்டேனேக்கா!”

“சாப்பிட்டல்ல? அனுபவி.”

அந்த அல்வாதான் இன்னமும் ஹேமாவதியின் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது. சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிய அந்த இருபத்துநாலு வீட்டுக் குடியிருப்பில் ஒன்பது வருஷமாக ஆண்டு விழாச் சமையல் அவள் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு முன் பெருங்களத்தூரிலிருந்து குடிவந்த தமிழினி, ஒரே ஒரு அல்வாவில் அத்தனை பேரையும் வளைத்துப் போட்டுவிட்டாள்.

ஹேமாவதியின் கணவர் ஸ்ரீநிவாசனே மாறிப்போனார். இவள் வைத்த வத்தக்குழம்பைப் பிசைந்துகொண்டே, “எதிர் வீட்டுலேருந்து இன்னிக்குக் கிண்ணம் எதுவும் வரலையா?” என்று கேட்கிறார்.

இந்த வருஷம் யார் சமைப்பது என்று இன்றைய கூட்டத்தில் முடிவு செய்யப்போகிறார்கள். ஹேமாவதி சும்மா இருப்பாளா?

மூன்று நாளைக்கு முன், தாம்பரம் ஸ்டேஷனில் ஒட்டியிருந்த தொழுநோய் விழிப்புணர்வு போஸ்டரை போட்டோ எடுத்தாள். ‘முழுமையாகக் குணமாகும், மாத்திரை இலவசம்’ என்றிருந்த கீழ்ப்பாதியை வெட்டி எறிந்தாள். வெளுத்த திட்டுப் படம் இருந்த மேல்பாதியை மட்டும் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, ‘பேர் சொல்ல விரும்பலை. பிள்ளைங்க ஜாக்கிரதை’ என்று ஒரு வரி சேர்த்தாள்.

பேரை ஒவ்வொருத்தர் காதிலும் தனித்தனியாகப் போட்டாள். இரண்டே நாள். தமிழினி லிஃப்ட்டில் ஏறினால் மற்றவர்கள் இறங்கினார்கள்.

அறை மூலையிலிருந்த அடுப்பில் பால் பொங்கி வந்தது. பேச்சு சுவாரசியத்தில் ஹேமாவதி பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்து இறக்கி வைத்தாள்.

“பிடிதுணி வேணாமாக்கா? எப்படித்தான் பிடிக்கறீங்களோ!” அமலராணி வாயைப் பிளந்தாள்.

“தோசையையே கையால திருப்புறவ நான். இருபது வருஷம் அடுப்படியில நின்ன கைடீ. அல்வா கிண்டிட்டா எல்லாரும் சமையக்காரி ஆயிட முடியுமா?”

கூட்டத்துக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு தமிழினி உள்ளே வந்தாள். அழுது வீங்கிய கண்கள், முழுக்கைச் சுடிதார். அவள் முன்வரிசையில் உட்கார்ந்ததும் அந்த வரிசையே காலியானது. பின்னாலேயே தோளில் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

“இவங்க ஜெரூஷா, ஹெல்த் நர்ஸ். நான்தான் கூட்டிட்டு வந்தேன்,” என்றாள் தமிழினி. “குரூப்புல யாரைச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும். எல்லார் எதிர்லயும் பாத்துடட்டும்.”

செயலாளர் லோகநாதன் நாற்காலியை மெதுவாகப் பின்னுக்கு நகர்த்தினார். “அதுக்கென்னம்மா, பாக்கட்டும். எல்லாம் ஒரு சேஃப்டிக்குத்தான்.”

ஜெரூஷா கையுறைகூடப் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தமிழினியின் சுடிதார் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, கையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள்.

“கண்ணை மூடிக்குங்க. பேனா முனையால தொடுவேன். தொட்ட இடத்தை விரலால காட்டணும். அந்த நோய்ல உணர்ச்சி மங்கிடும், தொட்டாலும் தெரியாது.”

திட்டின் நடுவில் தொட்டாள். தமிழினியின் விரல் டக்கென்று அங்கே வந்தது. ஓரத்தில் தொட்டாள். அங்கேயும் வந்தது. ஐந்து முறை, ஐந்தும் சரி.

“சாதாரணத் தேமல் மாதிரிதான் தெரியுது. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, களிம்பு குடுப்பாரு.” ஜெரூஷா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். “அந்த நோயாவே இருந்தாலும் ஒரே லிஃப்ட்டுல போனா ஒட்டிக்காதுங்க. மாத்திரை ஆரம்பிச்சிட்டா அவங்களால யாருக்கும் பரவாது. முன்னாடியே கண்டுபிடிச்சிட்டா கைகால் எதுவும் கெடாது.”

“அப்போ நான் சாப்பிட்ட அல்வா…” என்றாள் அமலராணி. அறையே சிரித்தது.

லோகநாதன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். “அப்போ இந்த வருஷச் சமையல் தமிழினிதான்! நம்ம தப்புக்கு ஒரு பரிகாரமா இருக்கட்டும்.”

கைதட்டல் எழுந்தது. ஹேமாவதியும் பேருக்குக் கைதட்டினாள். பிறகு ஆவி பறக்கும் காபி டம்ளரை ஜெரூஷாவிடம் நீட்டினாள்.

வாங்கிய ஜெரூஷா, “அம்மாடி!” என்று டம்ளரை மேசையில் வைத்து விரலை உதறினாள். பிறகு ஹேமாவதியின் கையைப் பார்த்தாள். சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது.

“இது எப்போ பட்டுதுக்கா?”

“எது?” ஹேமாவதியே அப்போதுதான் பார்த்தாள். “சமைக்கிற கைன்னா நாலு இருக்கும்.”

“உக்காருங்க. உங்களுக்கும் பாத்துடலாம்.”

“தாராளமா!” ஹேமாவதி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “ஓரக்கண்ணால பாத்துப் பாத்து விரலை வெக்கறது பெரிய வித்தையா? கண்ணை எப்படி மூடணும்னு நான் காட்டறேன்.”

கண்களை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

அவள் பேச்சுக்கு எழுந்த சிரிப்பு மெல்ல அடங்கியது. தமிழினி எழுந்து வந்து ஹேமாவதியின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பேனா முனை மறுபடியும் சுண்டுவிரலைத் தொட்டது. பக்கத்து விரலைத் தொட்டது. கடைசியில் உள்ளங்கை ஓரத்தில் குழி விழுமளவு அழுந்தியது.

“என்னம்மா, இன்னும் தொடவேயில்லையே?” என்றாள் ஹேமாவதி.