இரண்டரை நிமிடம்

பத்தேகால் மணிக்கு எங்கள் கேங்கில் ஒருவரும் வேலை செய்யவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆறு பேரும் ரோட்டோரம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் மகள் தனகோடி விமானத்தில் போகிறாள்.

மெட்ராஸில் ஒரு டாக்டரம்மா வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. டாக்டரம்மாவுக்குத் திருச்சிக்கு மாற்றல். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள இவளுக்கும் ஒரு டிக்கெட்.

போவதற்குள் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறேன் என்றாள். லீவு கிடைக்கவில்லை. பத்து மணிக்கு ஏறுகிறேன், நம் பக்கமாகத்தான் போகுமாம் என்று கார்டு மட்டும் வந்தது.

இனி எந்த வருஷம் பார்ப்பேனோ.

மெட்ராஸிலிருந்து திருச்சி இருநூறு மைல். அதில் அச்சரப்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் ஆறு மைல் எங்களுடையது. பதினெட்டு வருஷமாகப் பள்ளம் அடைப்பதும் ஓரத்துக்கு மண் போடுவதும் அந்த ஆறு மைலில்தான். நடந்து தாண்ட இரண்டு மணி நேரம் ஆகும்.

விமானம் இருநூறு மைலையும் ஒரு மணி இருபது நிமிடத்தில் தாண்டிவிடுமாம். மைல்கல்லின் முதுகில் கரியால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஆறு மைலுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் வந்தது.

மேஸ்திரி கண்ணாயிரத்திடம் அந்த இரண்டரை நிமிடத்தைத்தான் கேட்டேன்.

"எஞ்சினீரு ஜீப்பு வந்தா நீயா பதில் சொல்லுவ?" என்றவர், கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார்.

"மேல பள்ளம் கிள்ளம் இருந்தா யாரு அண்ணாத்த அடைக்கறது?" என்று கேட்டான் முனிசாமி.

"வாய மூட்றா. சத்தம் கேக்கல," என்றார் மேஸ்திரி.

அந்த நேரம் பார்த்து எதிரே தண்டவாளத்தில் பாசஞ்சர் ரயில் தடதடவென்று வந்தது. விமானத்தின் இரைச்சலை அமுக்கிவிடும் என்று மேஸ்திரி ரயிலைத் திட்டினார். நான் கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. வெயில் கூசி நீர் வழிந்தது. துடைத்தால் அதற்குள் போய்விடுமோ என்று துடைக்கவில்லை.

ரயில் போன பிறகு விமானம் வந்தது. ரோட்டுக்கு மேலே இல்லை. தூரத்தில், கிழக்கே கடல் பக்கமாக, ஒரு அரிசி அளவுக்கு.

"இன்னா அண்ணாத்த, ரோட்ட வுட்டுட்டுப் போய்கினு கீது. டிரைவரு புச்சு போலக்கீது," என்றான் முனிசாமி.

நான் துண்டை ஆட்டினேன். எல்லோரும் ஆட்டினார்கள். மேஸ்திரிகூடக் கையை ஆட்டினார். நேரம் முடிந்தும் அவர் கையை இறக்கவில்லை.

எட்டாம் நாள் திருச்சியிலிருந்து கார்டு வந்தது. அவள் சொல்ல யாரோ எழுதியது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு புளியமரத்தடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"நைனா, பாப்பாவுக்குக் காதில் சீழ். விமானம் ஆகாது என்று டாக்டரம்மா ரயிலில் கூட்டி வந்துவிட்டார்கள். உன் இடம் வந்ததும் ஜன்னலில் நின்று கூப்பிட்டேன். உனக்குக் கேட்கவில்லை. பரவாயில்லை. எப்போது ரயிலில் வந்தாலும் நீ குனிந்துகொண்டிருப்பாய், முதுகுதான் தெரியும். அன்றைக்கு நிமிர்ந்து நின்றாய். முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். சவரம் பண்ணிக்கொள்."