நரேலின் ஆபீஸ் சுவர்

"இந்த போஸ்டரைக் கழட்டிடலாம்" என்றாள் நரேல்.

அவள் கணவன் ரஸ்ஸல் சட்டென்று போஸ்டருக்கு முன்னால் வந்து நின்றான்.

ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் அவர்கள் வீட்டின் பின்னறை நரேலுக்கு ஆபீஸாகிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. மேசை வந்தாயிற்று, நாற்காலி வந்தாயிற்று. நாற்காலிக்குப் பின்சுவரில் மட்டும் ஊர்க் கால்பந்து அணி எப்போதோ கோப்பை வாங்கியபோது எடுத்த போஸ்டர், கனத்த சட்டத்துக்குள் தொங்கியது.

"வீடியோல பேசறப்போ என் தலைக்குப் பின்னாடி இத்தனை தடியனுங்க அரைக்கால் சட்டையோட நிக்கணுமா?"

"தடியனுங்க இல்ல. சாம்பியனுங்க."

"அதுக்கப்புறம் ஒரு மேட்ச் ஜெயிச்சிருக்காங்களா?"

ரஸ்ஸல் சட்டத்தின் மேல் கை வைத்துக்கொண்டான். போஸ்டருக்கும் பின்னட்டைக்கும் நடுவே ஓர் ஓவியம் இருந்தது. ஆற்றங்கரைத் தைலமரங்கள். நரேலுக்கு அவளுடைய அத்தை விட்டுப்போனது. நல்ல விலை போகும்.

போன மாதம் நரேல் அடிலெய்டில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, ரஸ்ஸல் தன் வீட்டு ஜன்னலைத் தானே உடைத்தான். ஓவியம் திருட்டுப் போனதாகப் போலீசுக்குச் சொன்னான். இன்ஷூரன்ஸ் பணம் ஒரு பக்கம். ரகசியமாக வாங்கிக்கொள்ள மெல்போர்னில் ஓர் ஆள் இன்னொரு பக்கம். வெளிநாடு போயிருந்த அந்த ஆள் திரும்பும்வரை, சாம்பியன்கள் காவல்.

சேதி கேட்டு நரேல் நன்றாக அழுதாள். அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

"அந்த போஸ்டர் இருக்கட்டுமே. அது எங்கப்பா வாங்கித் தந்தது" என்றான் ரஸ்ஸல். குரலைக்கூடக் கொஞ்சம் தழுதழுக்க வைத்தான்.

"சரி, சரி. எதிர்ச் சுவருக்காவது ஒரு படம் வாங்கலாம், வா."

சனிக்கிழமை தேவாலயத்துப் பழம்பொருள் கடைக்குப் போனார்கள். ரஸ்ஸல் கைக்கு அடக்கமான ஒரு கடற்கரைப் படத்தைக் காட்டினான்.

"தபால்தலை மாதிரி இருக்கு" என்றாள்.

ரோஜாப்பூ படத்தைக் காட்டினான். சட்டம் மெலிசு என்றாள். ஒரு படகைக் காட்டினான். அதைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

"படத்தைப் பாரும்மா. முதுகைப் பார்த்து யாராவது படம் வாங்குவாங்களா?"

"கரையான் இருந்தா நீயா பதில் சொல்லுவே?"

கடைசியில் ஒரு குக்கபராவிடம் வந்து நின்றாள். ஊரையே கூட்டிச் சிரிக்கிற அந்தப் பறவையை, மஞ்சள் வானத்தின் முன்னால், கண் இரண்டும் ஒரே பக்கம் தெரியும்படி யாரோ வரைந்திருந்தார்கள். சட்டம் மட்டும் கல்யாண வீட்டுக் கதவு போல் இருந்தது.

"இதுக்கு என் சாம்பியனுங்களே தேவலை" என்றான் ரஸ்ஸல்.

"அளவு சரியா இருக்கு" என்றாள் நரேல்.

பின்னட்டையில் ஒட்டியிருந்த மஞ்சள் விலைச்சீட்டைக் காட்டி ரஸ்ஸல் பேரம் பேசிப் பார்த்தான். படியவில்லை. கேட்ட விலைக்கே வாங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது, தெரு முழுக்க எல்லார் வீட்டெதிர்ப் புல்லிலும் உடைந்த நாற்காலியும் கிழிந்த மெத்தையுமாகக் கிடந்தது. மறுநாள் காலை நகராட்சி லாரி வந்து வேண்டாத சாமான்களை அள்ளும். அதற்குமுன் யார் எடுத்தாலும் எடுத்தவருக்குச் சொந்தம்.

ரஸ்ஸல் பின்னறைக்குள் போனான். பின்சுவர் காலியாக இருந்தது.

"போஸ்டர் எங்க?"

"மன்னிச்சுக்கோ, ரஸ். எவ்வளவு பார்த்தும் பிடிக்கல. காலையில வெளிய வெச்சேன். காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க."

அவன் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். மெத்தைகளைப் புரட்டினான். போலீசுக்குப் போக வழியில்லை. அந்த ஓவியம் காணோம் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

"அதுக்குப் போய் இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கறியே. வா, குக்கபராவை மாட்டிக் குடு" என்றாள்.

மாட்டிக் கொடுத்தான்.

"சனியன், என்னா கனம்."

"நல்ல சட்டம்னா கனமாத்தான் இருக்கும்."

மறுவாரம், கொஞ்ச நாள் தங்கை வீட்டிலிருந்து வேலை பார்க்கப் போவதாக நரேல் சொன்னாள். கம்ப்யூட்டர் இருந்தால் எந்த ஊராக இருந்தால் என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டிகளுடன் குக்கபராவும் காரில் ஏறிற்று.

"இது எதுக்கு?"

"ஆபீஸ் எங்க போனாலும் அதோட சுவரும் வரணும் இல்லையா?"

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு நெவில் கூப்பிட்டார். கேரவன் என்கிற வண்டிவீட்டை எடுத்துக்கொண்டு வடக்கே சுற்றிவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார்.

"ஏம்ப்பா ரஸ்ஸல், சாம்பியனுங்களைப் போய் யாராவது குப்பையில வைப்பாங்களா? நாந்தான் தூக்கிட்டுப் போனேன்."

நெவிலின் கொட்டகையில், சுத்தியல்களுக்கு நடுவே போஸ்டர் மாட்டியிருந்தது. ரஸ்ஸலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நெவில், ஒரு பெட்டி பீர் தர்றேன். திருப்பிக் குடுத்துடுங்க."

"ரெண்டு பெட்டி. நல்ல பீரா இருக்கணும்."

"சரி."

அவர் பார்க்கிறார் என்றுகூட நினைக்காமல் போஸ்டரை இறக்கி, திருப்பி, அங்கிருந்த திருப்புளியை எடுத்து ஆணிகளை நெம்பினான். போஸ்டர் இருந்தது. பின்னட்டை இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

பின்னட்டையின் மூலையில் ஒரு மஞ்சள் விலைச்சீட்டு. குக்கபராவுக்கு அவனே பேரம் பேசிப் படியாத விலை.

"என்னப்பா, வெளுத்துட்டே?" என்றார் நெவில்.

அத்தையின் தைலமரங்களைக் குக்கபராவோடு சேர்த்துத் தன் கம்பளியிலேயே பத்திரமாகச் சுற்றி, காரில் ஏற்றி, "மெதுவா ஓட்டும்மா" என்று வழியனுப்பி வைத்தவன் அவனேதான்.