தொடாதீங்க, ஈரம்!

"பெயின்ட் அடிச்சியா? இதுக்கா?"

அண்ணன் போட்ட சத்தத்தில் ஷெட் தகரமே அதிர்ந்தது. சுற்றி எடுத்துப்போகக் கொண்டுவந்திருந்த கம்பளி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"ஆமாண்ணே. பழசா, அழுது வடிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. நீங்க எடுத்துட்டுப் போறப்ப பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னுதான்..." என்றாள் டீச்சர்.

மேஜை ஓரத்தில் இருந்தது அந்த பெஞ்ச் வைஸ், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பட்டறைச் சாமான். போன ஞாயிறு வரைக்கும் சாம்பல் நிறம். இப்போது தலை முதல் கால் வரை கிளிப்பச்சை. பக்கத்திலேயே வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமான பச்சை டப்பா, மேலே ஒரு பிரஷ்.

டீச்சரின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஷெட் வாசலில் நின்று அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பழைய பட்டறையை இடித்தபோது குப்பையோடு குப்பையாகக் கிடந்ததை அவர்தான் தூக்கி வந்தார். எண்பது வருஷத்துச் சாமான். திருகுத்தண்டு துருவேறி அசைய மாட்டேன் என்றது. ரெண்டு வருஷம், லீவு நாளெல்லாம் அதோடுதான் குடித்தனம். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஒரு நாளைக்கு நூலளவு திருப்பி, பழைய பெயின்ட் ஒரு பொட்டு உதிராமல் அதை ஓட வைத்திருந்தார். "என்னைவிட இந்த இரும்புதான் உங்களுக்கு உசத்தி!" என்று டீச்சர் சொல்லாத ஞாயிறு கிடையாது.

அது ஓட ஆரம்பித்ததுமே அண்ணனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அவர் பழைய வைஸ் சேர்க்கிறவர். வீட்டுக் கூடத்தில் முப்பத்தொரு வைஸ் வரிசையாக இருக்கின்றன. ஒன்றுகூட ஒரு ஆணியைக் கடித்துப் பார்த்ததில்லை.

போன ஞாயிறு சாப்பிட உட்கார்ந்தவர், "மாப்பிள்ளை, அது எனக்குத்தானே?" என்றார். மாப்பிள்ளையின் தலை தானாக ஆடிவிட்டது. மச்சான் கேட்டு அந்தத் தலை ஆடாமல் இருந்ததே இல்லை. ரேடியோ அப்படித்தான் போயிற்று. கேமராவும் அப்படித்தான்.

"பழைய பெயின்ட்தான் இதுக்கு உயிரு, மாப்பிள்ளை. மேல ஒரு கை புதுசா அடிச்சாச்சுன்னா அப்புறம் வெறும் இரும்பு. எனக்கு விலையெல்லாம் பெரிசில்ல. இதுங்க மேல ஒரு பாசம், அவ்வளவுதான்" என்று அன்றைக்கு அண்ணன் ஒரு பிரசங்கமே நடத்தினார்.

"அத்தனையும் உன் எதிர்லதானே சொன்னேன்!" என்று இப்போது தங்கையிடம் பாய்ந்தார்.

"நான் தண்ணி எடுக்க உள்ள போயிருப்பேன் போலிருக்குண்ணே... ஐயோ, தொடாதீங்க, ஈரம்! வெள்ளைச் சட்டை!"

நீட்டிய விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார் அண்ணன்.

"நர்சரி பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிற அறிவா இது? இதை வித்து இந்த மாசம் காருக்கு டயர் மாத்தலாம்னு இருந்தேன். எல்லாம் போச்சு!"

மெக்கானிக் நிமிர்ந்தார். "விக்கிறதா? பாசம்னு சொன்னீங்களே மச்சான்?"

"அது... ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான்."

"சரிண்ணே, ஆனது ஆச்சு. எடுத்துட்டுப் போய்ச் சுரண்டிக்குங்களேன்" என்றாள் டீச்சர்.

"சுரண்டினா பழசும் சேந்து வந்துடும். சும்மா குடுத்தாலும் வேண்டாம், நீயே கட்டிக்கிட்டு அழு!"

கம்பளியை உதறி எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூடத்தைத் தாண்டும்போது சுவர்க்கடிகாரத்தின் முன்னால் கால் நின்றது. கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல சாமானா இருக்கே மாப்பிள்ளை. அடுத்த மாசம் வரேன், என்ன?"

மாப்பிள்ளையின் தலை ஆடியது.

கார் தெருமுனை திரும்பியதும் மெக்கானிக் ஷெட்டுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். டீச்சர் பின்னாலேயே வந்து நின்றாள். ரெண்டு வருஷ உழைப்பு. நியாயமாகப் பார்த்தால் வீடு ரெண்டுபட வேண்டும்.

"நீ நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சே. பச்சையும் ஒரு மாதிரி... நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

"கடவுளே! என்னைத் திட்டக்கூடவா உங்களுக்கு வராது?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உள்ளே ஓடிப்போய் ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து வைஸின் தாடையில் ரெண்டு இழுப்பு இழுத்தாள். பச்சை மொத்தமும் துணியோடு வந்தது. அடியில் அதே பழைய சாம்பல், அதே கம்பெனி நம்பர், ஒரு பொட்டு குறையவில்லை.

மெக்கானிக் ஸ்டூலை விட்டு எழுந்து, குனிந்து அந்த நம்பரையே பார்த்தார்.

"பாத்துக்கிட்டே நின்னா எப்படி? துடைச்சு உடனே எண்ணெய் போடுங்க. ஈரம் நின்னா துரு பிடிக்கும்னு ரெண்டு வருஷமா எனக்குப் பாடம் நடத்தினது யாரு?"

"இது... கேட்டுக்கு அடிச்ச பெயின்ட் இல்லையா?"

"அந்த டப்பா சும்மா துணைக்கு. இது எங்க ஸ்கூல் பிள்ளைங்க கையை முக்கி விளையாடுற கலர்."

எண்ணெய்க் குப்பியை அவர் கையில் திணித்துவிட்டு வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"மஞ்சள்ல ஒரு பாட்டில் மிச்சம் இருக்கு. கடிகாரத்துக்கு அது போதும்."