கடிதத்துக்குள் ஒரு படம்

"இந்த அஞ்சு படமும் ஒரே நாள்ல எடுத்தது மாப்ள. இவ நம்மள நல்லா ஏமாத்தறா."

கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணில் மாட்டிய லென்ஸோடு, மூக்கு உரசும் அளவுக்குக் கம்ப்யூட்டர் திரையிடம் குனிந்திருந்தார். அவருடைய கடிகாரக் கடைக்கு அடுத்த கதவுதான் மைத்துனனின் ஜெராக்ஸ் கடை. வியாழக்கிழமை ஆனால் தன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிடுவார். அன்றைக்குத்தான் மகளிடமிருந்து மெயில் வரும்.

மகளுக்குக் கடல் ஆய்வுக் கப்பலில் வேலை. ஏறி நாலு மாதம் ஆகிறது, இறங்க இன்னும் இரண்டு மாதம். நடுக்கடலில் போன் கிடையாது. வாரத்துக்கு ஒரு மெயில்தான். அதிலும் தனியாக இணைத்து அனுப்பும் எதையும் கப்பல் கம்ப்யூட்டர் உள்ளே விடாது. கடிதத்துக்கு நடுவில், எழுத்தோடு எழுத்தாக ஒரு சின்னப் படத்தை வைத்தால் மட்டும் போகும், வரும்.

"ஒரே நாள்னு எப்படிச் சொல்றீங்க அத்தான்? சட்டை வேற வேறயா இருக்கே."

"சட்டையை விடு. கையைப் பாரு. நான் கட்டிவிட்ட வாட்ச். மொத வாரம் நாலு பத்து. அடுத்த வாரம் நாலு பதினாலு. அப்புறம் பத்தொன்பது, இருபத்திரெண்டு, இருபத்தாறு. வாரா வாரம் நாலு நிமிஷம் தள்ளித் தள்ளியா ஒருத்தி படம் எடுப்பா?"

மைத்துனன் படங்களைப் பெரிதாக்கினான். கட்டம் கட்டமாக உடைந்தாலும் முள் நிற்கும் இடம் தெரிந்தது. முப்பது வருஷமாக முள்ளையே பார்த்துப் பிழைக்கிற மனுஷனிடம் என்ன வாதாடுவது?

"அது மட்டுமில்ல. அஞ்சுலயும் உக்காந்தே இருக்கா. மொத மாசம் கப்பல் பூரா ஓடி ஓடிப் படம் எடுத்தவ. எதையோ மறைக்கிறா மாப்ள."

"வேலை அலுப்பா இருக்கும். விடுங்க அத்தான். நோண்டினா ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடும்."

கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றாமலே அவன் பக்கம் திரும்பினார்.

"உனக்கு ஏதாவது தெரியுமா? அவளுக்கு மாமான்னா உசிராச்சே."

"எனக்குத் தெரிஞ்சா உங்க முன்னாடி உக்காந்திருக்க முடியுமா? அந்த லென்ஸை வச்சே மண்டைக்குள்ள பாத்துடுவீங்களே."

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன லேடீஸ் வாட்ச்சை எடுத்துச் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டு மறுபடி பையில் போட்டார். மனசு சரியில்லாதபோதெல்லாம் அவருக்கு அது ஒரு பழக்கம்.

"எழுது. 'பாப்பா, உன் வாட்ச்சில் ஏழு இருபது வைத்து, நின்றபடி, தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பு.' அவ்வளவுதான். வேற கொஞ்சல் எதுவும் வேண்டாம்."

மைத்துனன் தட்டி முடித்தான். "அக்கா படம் எது வைக்கட்டும்? பச்சைக் கதவுக்கிட்ட நின்னு சிரிக்கறாளே, அதுவா?"

"போன வாரம் வச்சது நீலச் சேலையில்ல? இந்த வாரம் வேற கலரா வை."

அந்த ஒரு வாரம் அவர் கைக்கு வந்த கடிகாரங்கள் பாடு திண்டாட்டம்தான். இரண்டை மூட மறந்தார், ஒன்றை மாற்றிக் கொடுத்தார். அடுத்த வியாழக்கிழமை ஷட்டரை முழுதாகவே இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மெயில் வந்திருந்தது. முதலில் படம்தான் தெரிந்தது. மகள் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றாள். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. கையில் ஏழு இருபது.

மைத்துனன் வாய்விட்டுப் படித்தான். "'சரிப்பா, மாட்டிக்கிட்டேன். படியில வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிஞ்சு ஆறு வாரமாச்சு. இப்ப வலி இல்ல. கட்டு தெரியாம ஒரே சாயங்காலம் சட்டையை மாத்தி மாத்தி எடுத்து வச்சுக்கிட்டேன்.'"

கடிகாரக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கால்தானே. கூடிடும். என்னென்னமோ நினைச்சுட்டேன் மாப்ள. கழுதை, அதை எதுக்கு மறைக்கணும்? படி, மேல படி."

"'உங்களுக்காக மறைக்கலப்பா. அம்மாவுக்குத் தெரிஞ்சா சாப்பிடமாட்டா, தூங்கமாட்டா. தயவுசெய்து அவகிட்ட சொல்லிடாதீங்க.'"

மைத்துனன் நிறுத்தினான்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் இருக்கு அத்தான்."

"இருந்தா படியேன்."

"'வாசக்கதவுக்குப் பழுப்புப் பெயின்ட் அடிச்சாச்சுன்னு போன மாசம் நீங்கதானே எழுதினீங்க? அப்புறம் வந்த அம்மா படத்துல எல்லாம் கதவு பச்சையாவே இருக்கே, ஏன்? நானும் உங்க பொண்ணுதானே, அதே மாதிரி கேக்கறேன். அம்மாவைப் பழுப்புக் கதவுக்கு முன்னால நிக்கவச்சு, அவ வாட்ச்சுல எட்டேகால் வச்சு ஒரு படம் அனுப்புங்க.'"

மைத்துனன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினான்.

"அன்னிக்கே எழுதியிருக்கலாம் அத்தான்."

"நடுக்கடல்ல அவ யாரைக் கட்டிக்கிட்டு அழுவா மாப்ள?"

கடிகாரக்காரர் பையிலிருந்த சின்ன வாட்ச்சை எடுத்து, முள்ளைத் திருப்பி எட்டேகாலில் நிறுத்தினார். அதைக் கட்டிக்கொள்ள வேண்டிய கை சாம்பலாகி அன்றோடு எண்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.