திரும்பினால் தீர்ப்பு

பெயர் மாற்ற நீதிமன்றத்தில் இப்போது இயந்திர நீதிபதிதான். எந்த அழைப்புக்கு மனுதாரர் திரும்புகிறாரோ, அதுவே இனி அவர் பெயர்.

ஐம்பது வருடக் கேலி போதும் என்று மனுப் போட்ட பிச்சைமுத்து, ஒரு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு வந்து சுவரைப் பார்த்து நின்றார்.

"பிச்சைமுத்து" என்றது இயந்திரம். அவர் அசையவில்லை.

"ஆதித்யா" என்றது, அவர் கேட்டிருந்த புதுப் பெயரை. பதற்றத்தில் அதற்கும் அசையவில்லை.

பின்வரிசையில் இருந்த மனைவி சொர்ணத்துக்குப் பொறுக்கவில்லை. கணவர் பெயரை ஒருநாளும் வாயால் சொல்லாதவள் அவள்.

"ஏங்க, உங்களத்தான் கூப்புடுது."

சட்டென்று திரும்பினார். தீர்ப்பு அச்சாகி வந்தது. பெயர்: ஏங்க.

வெளியே, விறுவிறுவென்று முன்னால் போனவரைக் கூப்பிட வாயெடுத்த சொர்ணம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கட்டின புருஷன் பேரை எப்படிச் சொல்வது?

கையைத் தட்டினாள்.