மூன்றாவது மில்க் ஷேக்

"மரணத்தை நேருக்கு நேர் பார்த்தவன் நான்!" என்று முழங்கினான் வெண்டல். மேலுதட்டில் மில்க் ஷேக் நுரை வெள்ளை மீசையாக ஒட்டியிருந்தது.

"முதல்ல வாயைத் துடை," என்றாள் லவோன்.

பள்ளி விட்டால் மினசோட்டாவின் அந்தச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு ஹௌகன் டைனர் என்ற சிற்றுண்டிக் கடைதான் கதி. அதில் மூலை மேசை மூன்று வாரமாக வெண்டலின் சிம்மாசனம். உறைந்த ஏரிமேல் ஆர்லோவோடு கார்ப் பந்தயம் விட்டு உயிரோடு திரும்பியவன் என்றால் சும்மாவா?

அவன் சவால் விட்டதும் இதே மேசையில்தான், எல்லோரும் கேட்டார்கள். பந்தயத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை. ஆர்லோவைக் காரோடு ஏரி விழுங்கிவிட்டது. பனி உருகட்டும், தேடலாம் என்று ஷெரீஃப் கைவிரித்துவிட்டார். சக்கரத் தடங்களை அன்றே பெய்த பனி மூடியது. மீதியை வெண்டலின் வாய் பார்த்துக்கொண்டது. முதல் வாரம் ஒரு கார் நீளம் முந்தியவன், இப்போது நாலு கார் நீளம் முந்தியிருந்தான்.

"நீ வண்டியை நிறுத்தி அவனைத் தூக்கியிருக்கலாமேடா?" என்றாள் லவோன்.

"மார்ச் மாசத்துல ஏரிமேல எவனாவது நிறுத்துவானா? ஓடுற வண்டியைத்தான் அது தாங்கும். ஒரே இடத்துல நின்னா உள்ள இழுத்துடும். குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

லவோன் விரலில், காதலுக்கு அடையாளமாக ஆர்லோ கழற்றித் தந்த பள்ளி மோதிரம். பெரிதாக இருந்ததால் கம்பளி நூல் சுற்றிப் போட்டிருந்தாள். வெண்டல் தன் மோதிரத்தைக் கழற்றி அவள் முன் வைத்தான்.

"செத்தவனுக்காக இன்னும் எத்தனை நாள் காத்திருப்ப? இதைப் போட்டுக்க."

லவோன் பெருமூச்சு விட்டாள். மெல்ல நூலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஜெனீவ், மூன்றாவது மில்க் ஷேக் ஒன்றைக் கொண்டுவந்து வெண்டலின் பக்கத்து இடத்தில் வைத்தாள்.

"அக்கா, நாங்க ரெண்டு பேர்தான்!"

"உன் கூட்டாளி கேட்டான்பா. மத்தியானத்துலேர்ந்து இங்கதான் உட்கார்ந்திருந்தான். சொட்டச் சொட்ட நனைஞ்சு, உதடெல்லாம் நீலமா... துண்டு தரட்டுமான்னேன். வேணாம், வெண்டல் வரேன்னு சொல்லியிருக்கான், வந்தா கிளம்பிடுவோம்னான். இப்ப எங்க போனான்?"

"எவன்டா விளையாடறது?" என்று வெண்டல் நாலாபக்கமும் பார்த்துச் சிரித்தான். எழப் பார்த்துப் பக்கத்து இருக்கையில் கை ஊன்றினான். உள்ளங்கை நனைந்தது. எலும்புவரை ஏறியது குளிர். முகர்ந்தான். பாசி வாடை.

மூன்றாவது டம்ளரில் ஷேக் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

லவோனின் விரல்கள் நின்றன. பிரித்த நூலை மறுபடியும் மோதிரத்தில் இறுக்கிச் சுற்றினாள்.

"வெண்டல், பந்தயம்தான் முடிஞ்சுபோச்சே. அவன் எதுக்குடா இன்னும் உனக்காகக் காத்திருக்கான்?"

வெண்டல் தன் மோதிரத்தை அவசரமாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். டம்ளரின் அடியைக் குழல் உறிஞ்சும் சத்தம் 'கர்ர்' என்று கேட்டது.

பந்தயத்துக்குக் குறித்த அந்தச் சனிக்கிழமை ஆர்லோ நடு ஏரியில் காரை நிறுத்திக் காத்திருந்தபோது, வெண்டல் வீட்டில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா கார்ச் சாவி தரவில்லை.