மேற்படி

மூடுபனி இறங்கியதும் வழி மறைந்தது. இருட்டுவதற்குள் யானைக்காட்டைத் தாண்டி முகாமுக்குப் போயாக வேண்டும். திரும்பி வர அடையாளமாக வழிகாட்டி சடையன் மனத்தில் வைத்திருந்த பெரணிச் செடிகள் நாற்பத்திரண்டையும் அமலோற்பவம் டீச்சர் வேரோடு பிடுங்கி, உலர்த்திச் சேகரிக்கச் செய்தித்தாள்களுக்கு நடுவே படுக்கவைத்துக் கட்டியிருந்தார்.

"பயப்படாதப்பா. எதை எங்கே பறிச்சேன்னு நோட்டுல இருக்கு."

"அப்போ கடைசியிலேருந்து படிங்க டீச்சர், அப்படியே நடந்துரலாம்."

நாற்பத்திரண்டு, இடம்: மேற்படி. நாற்பத்தொன்று, மேற்படி. நாற்பதும் அப்படித்தான். முதல் செடிக்கு மட்டும் முழுசாக எழுதியிருந்தார்: முகாமுக்குப் பின்புறம்.

"நல்லதாப் போச்சு," என்றான் சடையன். "நோட்டுப்படி நாம இன்னும் கிளம்பவே இல்ல. சோறு வடிச்சிருப்பாங்க, கை கழுவுங்க."

காலடியில் இன்னொரு பெரணி. பழக்கதோஷம், டீச்சர் குனிந்து பறித்துவிட்டார். நாற்பத்துமூன்று என்று எழுதினார். இடம் என்று எழுதிவிட்டு, பென்சிலைத் தூக்காமல் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.